தரம் இரண்டில் மாட்டியிருந்த கோப்பையும் றம்லத் டீச்சரின் இடமாற்றமும்

அனுப்புநர்:
திருமதி ரவிகுமார் சுகிர்தா,
சுகாதாரத் தொழிலாளி,
நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு,
கம்பளை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை.

பிரதி: அதிபர், ஆற்றோரத் தமிழ் வித்தியாலயம்.

பொருள்: தரம் 2 வகுப்பாசிரியை திருமதி றம்லத் நளீர் அவர்களின் இடமாற்றத்தை நிறுத்தக் கோருதலும், அவ்வகுப்பிலிருந்து கழற்றப்பட்ட கோப்பை ஒன்றைத் திரும்ப மாட்டக் கோருதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பாடசாலையில் தரம் இரண்டில் கற்கும் ர. நிரோஷினியின் தாய் நான். பாடசாலை இருக்கும் வீதியையும் அதற்குக் கீழே ஆற்றுப்பக்கம் இறங்கும் கடைவீதியையும் தினமும் கூட்டுவது என் வேலை. இந்த மனுவில் குறையைவிட நன்றிதான் அதிகம் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றி சொல்ல ஏதாவது தனி முறை உண்டா என்று எங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். முறைப்பாடு என்றால்தான் இலக்கம் போட்டுப் பதிவார்கள், நன்றி என்றால் வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள் என்று அங்கிருந்த எழுதுவினைஞர் சொன்னார். ஆகவே முறைப்பாடாகவே எழுதுகிறேன். தயவுசெய்து இலக்கம் போடவும்.

2. கடந்த ஜூன் மாதக் கடைசி வாரத்தில் தரம் இரண்டில் பாடம் எதுவும் நடக்கவில்லை, வெளியாள் ஒருவரை அழைத்துவந்து தேநீர் விருந்து நடந்தது, அந்த ஆளின் கோப்பை பிள்ளைகளின் கோப்பைகளோடு சேர்த்து மாட்டப்பட்டதால் சுகாதாரக் கேடு உண்டாகியுள்ளது என்று பெற்றோர் சிலர் தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதிபர் திரு. பெரியதம்பி அவர்கள் அதை வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவர் என் பக்கம் பார்க்காமல் இருந்தது என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஐயா, அந்த வெளியாள் நான்தான். என் பதவியின் பெயரிலேயே சுகாதாரம் இருக்கிறது.

3. அடுத்த தவணையிலிருந்து டீச்சரை வேறு பாடசாலைக்கு அனுப்புவதாக முடிவாகியிருப்பதாகவும் அறிகிறேன். முறைப்பாட்டில் கையெழுத்திட்டவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர்களில் சிலருடைய கடைவாசலைக் கூட்டித்தான் என் நாள் தொடங்குகிறது. நாளைக்கும் அப்படித்தான் தொடங்கும். அந்த வாரம் பாடம் நடக்கவில்லை என்பது மட்டும் பிழையான தகவல். நடந்த பாடங்களை எனக்குத் தெரிந்த அளவில் கீழே தருகிறேன்.

4. எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். என் மகள் வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பள்ளிக்கூடம் வைப்பாள். அவள் டீச்சர், நான் மாணவி. கணவர் ரவிகுமார் நாவலப்பிட்டியில் பஸ் திருத்துமிடத்தில் வேலை செய்வதால் பிந்தித்தான் வருவார். வந்ததும் அவருக்கும் வரவு பதியப்படும். பகலில் றம்லத் டீச்சர் என்ன நடத்தினாரோ அது மாலையில் எங்கள் வீட்டில் அப்படியே நடக்கும், டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடுவது உட்பட.

5. திங்கட்கிழமை 'எமக்கு உதவுவோர்' என்ற பாடம். பிள்ளைகள் டொக்டர், பொலிஸ், தபால்காரர் என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, நேற்று நீங்கள் டொபி தின்றுவிட்டு வீதியில் போட்ட டொபித்தாள் இன்றைக்கு எங்கே போனது என்று கேட்டிருக்கிறார். காற்று கொண்டுபோனது என்று ஒரு பிள்ளை சொன்னதாம். காற்றுக்கும் டீச்சர் நன்றி சொல்ல வைத்துவிட்டு, காற்றைத் தவிர வேறு யார் என்று திரும்பவும் கேட்டாராம். என் மகள் வாய் திறக்கவில்லை. வகுப்பில் அவள் இதுவரை, எங்க அம்மா நகரசபையில வேலை என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறாள். அது பொய்யில்லை. அப்படிச் சொல்லும்படி நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எங்கிருந்தோ தானாகவே அளந்து பேசக் கற்றுக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்கு வருத்தம். அன்று மாலை வீட்டுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு உதவுபவர் யார் என்ற கேள்விக்கு, நீதான் என்று பதில் சொன்னேன். தவறு என்று புள்ளடி போட்டாள்.

6. செவ்வாய்க்கிழமை கை கழுவுதலும் கோப்பையும். சாப்பாட்டுக்கு முன்னும் மலசலகூடம் போய் வந்த பின்னும் சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவவேண்டும் என்றும், ஒருவர் வாய் வைத்த கோப்பையில் மற்றவர் குடிக்கக்கூடாது, ஆளுக்கொரு கோப்பை வேண்டும் என்றும் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அந்த வாரம் வகுப்பில் பாதிப்பேருக்குத் தடிமனும் தும்மலும். வகுப்புச் சுவரில் பலகை அடித்து வரிசையாக ஆணி வைத்து, பிள்ளைகள் கொண்டுவந்த கோப்பைகளை மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் அந்தந்தப் பிள்ளையே தன் பெயரை எழுதி ஒட்ட வைத்தார். பலகை டீச்சரின் கணவர் நளீர் அவர்கள் தன் தளபாடக் கடையிலிருந்து கொடுத்தது. மாலையில் என் நகங்கள் பரிசோதிக்கப்பட்டன. நான் சித்தியடையவில்லை. வேலைக்குப் போய்வந்த நகம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

7. புதன்கிழமை கணிதமும் சுற்றாடலும் ஒன்றாக நடந்தன. வகுப்புக் குப்பைக்கூடையை வெளியே கடதாசி விரித்துக் கொட்டி, உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வகைக் குப்பைக்கும், ஒரு துண்டுக்கு ஒரு போத்தல் மூடி என்று வரிசையாக அடுக்கி, எந்த வரிசை நீளம் என்று பார்த்திருக்கிறார்கள். டொபித்தாள் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டதாம். கையுறை போட்டுத்தான் செய்தார்கள், பிறகு செவ்வாய்க்கிழமைப் பாடத்தின்படி கழுவியும் இருக்கிறார்கள். குப்பையில் பிள்ளைகளை விளையாட விட்டார்கள் என்று முறைப்பாட்டில் இருப்பது இதைப்பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

8. அதே புதன்கிழமை, உதவுவோரில் ஒருவரை அடுத்த நாள் வகுப்புக்கு அழைக்கலாம், யாரை அழைப்போம் என்று டீச்சர் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறார். சென்ற தவணையில் பொலிஸ் மாமா வந்துபோனதால் இம்முறை வேறு ஆள் வேண்டும் என்றார்களாம். குப்பைக் குவியலும் மூடி வரிசையும் கண்முன் இருந்ததாலோ என்னவோ, ரோட்டுக் கூட்டுற ஆன்டிய கூப்பிடுவோம் என்று துஷாந்த் என்ற பிள்ளை சொல்ல, எல்லோரும் கை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த ஆன்டி யார், எங்கே போய்க் கேட்பது என்று டீச்சர் யோசித்தபோது என் மகள் எழுந்து நின்று, "அது எங்க அம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் கொடுத்தனுப்பிய அழைப்புக் கடிதத்தை மட்டும் நீட்டினாள், இதை அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை. மறுநாள் டீச்சர் சொல்லித்தான் தெரியும். சொன்ன பிறகு பிள்ளை உட்காராமல் நின்றுகொண்டே இருந்ததாகவும், டீச்சர், "அல்ஹம்துலில்லாஹ், ஆள் நம்ம வகுப்புக்குள்ளயே இரிக்கே, நமக்குத் தேடுற வேல மிச்சம்" என்று சிரித்ததாகவும், அதற்குப் பிறகுதான் உட்கார்ந்ததாகவும் சொன்னார். ஐயா, அந்த ஒரு சிரிப்புக்கு நான் டீச்சருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த இடத்தில் அவர் ஒரு கணம் தயங்கியிருந்தாலும் என் பிள்ளை அதைப் பார்த்திருப்பாள்.

9. வியாழக்கிழமை. சேலை கட்டிக்கொண்டு போகலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். மகள் விடவில்லை. பொலிஸ் மாமா யூனிபோர்மில்தானே வந்தார் என்றாள். மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்று, வேலை உடுப்போடும் விளக்குமாற்றோடும் இடைவேளைக்கு முன் வகுப்புக்குப் போனேன். டீச்சர் தன் கதிரையை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தார். நான் மறுத்தேன். "விருந்தாளி மறுத்துப் பேசினா கேக்க மாட்டம், இரிங்க" என்றார். இருந்தேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் உட்கார்ந்த முதல் பள்ளிக்கூடக் கதிரை அது.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் சிலவற்றை, பாடம் நடந்ததற்குச் சான்றாகத் தருகிறேன். மழை பெய்தால் உங்களுக்கு லீவா? செத்த எலியைக் கையால் தூக்குவீர்களா? உங்கள் வண்டிக்கு ஹோர்ன் இருக்கிறதா? பெரஹரா ஊர்வலத்தில் யானை போன பாதையை யார் கூட்டுவார்கள்? எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். ஹோர்ன் இல்லை என்றதும் வகுப்பே கவலைப்பட்டது.

10. முறைப்பாட்டில் சொல்லப்படும் தேநீர் விருந்து இதன் பிறகு நடந்தது. டீச்சர் ஒரு கேத்தலில் பிளேன்டி கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் சுவரிலிருந்து தங்கள் தங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டீச்சர் எனக்காகத் தன்னுடைய சிவப்புப் பூப் போட்ட கோப்பையைக் கழுவித் துடைத்து நீட்டினார். அதற்குள் என் கை, பழக்கத்தில், என் பையிலிருந்த சில்வர் கோப்பையை எடுத்துவிட்டது.

அந்தக் கோப்பையைப் பற்றித் தங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் வேலையில் இருப்பவர்கள் பலர் இப்படி ஒன்று வைத்திருக்கிறோம். வீதியில் நல்ல மனதோடு தேநீர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கென்று ஒரு தனிக் கோப்பை வாசல் கேட்டுக்கு வெளியே, பூச்சாடிக்குப் பின்னால் இருக்கும். அதை நாமே எடுத்து, நாமே கழுவி, அங்கேயே கவிழ்த்துவிட்டு வரவேண்டும். எனக்கென்று ஒதுக்கிவைத்த கோப்பையில் குடிப்பதைவிட என்னுடைய கோப்பையில் நான் குடிக்கலாம் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதை வாங்கினேன். யாரும் என்னிடம் இதற்குக் காரணம் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

டீச்சருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கேத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் துஷாந்த், "டீச்சர், டீச்சர், ஆன்டி நம்ம செவ்வாக்கிழம பாடத்த படிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க! சொந்தக் கோப்ப கொண்டாந்திருக்காங்க!" என்று கத்தினான். உடனே எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். ஆளுக்கொரு கோப்பை என்ற பாடத்தை யாரும் சொல்லாமலே பின்பற்றிய பெரிய ஆள் நான் ஒருத்திதானாம். வெட்கப்பட்டு மறைக்க நினைத்த கோப்பைக்கு அந்த வகுப்பில் கைதட்டல் கிடைத்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எனக்கு என் கோப்பையிலும் தனக்குத் தன் கோப்பையிலும் ஊற்றி, என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். நானும் குடித்தேன். சீனி சற்றுக் கூடுதல்.

11. வெள்ளிக்கிழமை எழுத்துவேலை. வியாழக்கிழமை வந்தவருக்கு இரண்டு வசனத்தில் நன்றி எழுதவேண்டும். துஷாந்த் எழுதியது: "ஆன்டிக்கு நன்றி. எலிக்கு நன்றி இல்லை." என் மகள், அம்மாவுக்கு நன்றி என்று எழுதி, டீச்சரிடம் கேட்டு, அம்மாவின் பெயரையும் எழுதப் படித்தாள். இரண்டாம் மொழிப் பாடத்தில் நன்றியைச் சிங்களத்தில் சொல்லவும் கற்றுக்கொண்டாள். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கொண்டக்டரிடம், "போஹோம ஸ்தூதியி" என்றாள். அவர் எதற்கோ சண்டைக்கு வருகிறாள் என்று முதலில் மிரண்டு, பிறகு சிரித்தார். எங்கள் வீடுகளில் நன்றி என்ற சொல்லைப் புழங்கும் வழக்கம் கிடையாது. இரவு ரொட்டி கொடுத்ததற்கு எனக்கும் சொன்னாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு ரொட்டி போட்டேன்.

12. அன்றே பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன்பேரில், டீச்சர் தன் பூப் போட்ட கோப்பையைச் சுவரில் மிச்சமிருந்த ஆணியில் மாட்டி, அதன் கீழ் 'சுகிர்தா ஆன்டி' என்று பிள்ளைகளைக்கொண்டு எழுதி ஒட்டினார். ஆன்டி அடுத்தமுறை கோப்பை சுமந்துகொண்டு வரவேண்டாம் என்பதற்காக. அந்தச் சுவரின் படத்தை டீச்சர் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் பெருமையோடு போட்டார். முறைப்பாடு பிறந்தது அந்தப் படத்தில்தான். கோப்பையைப் பற்றிச் சுகாதாரக் கேடு என்று மட்டுமே அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கோப்பையில் இதுவரை நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, ஐயா. அங்கே தொங்கியது கடையிலிருந்து வந்து டீச்சர் மட்டும் பாவித்த கோப்பை. அப்படியென்றால் கேடு என்பது அதன் கீழ் ஒட்டியிருந்த பெயரில்தான் இருக்கவேண்டும். எழுதியிருப்பதை மட்டுமல்ல, எழுதாமல் விட்டதையும் வாசிக்க எனக்குப் பழக்கமுண்டு.

13. இப்போது அந்தக் கோப்பை, விசாரணை முடியும்வரை, அதிபர் அறை அலுமாரியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அதிபர் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவரே அதைத் துணியில் சுற்றி, உடையாமல் வைத்ததைப் பார்த்தேன்.

14. அந்த வாரத்துக்குப் பிறகு நடந்ததையும் தாங்கள் அறியவேண்டும். பாடசாலை வாசலில் இப்போது டொபித்தாள் மிகக் குறைவு. காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தரம் இரண்டுப் பிள்ளைகள் என் வண்டிக்கு ஹோர்ன் இல்லாத குறையைத் தீர்க்க வாயாலேயே ஹோர்ன் அடித்து வழிவிடச் செய்கிறார்கள். அவர்களில் முறைப்பாட்டில் கையெழுத்திட்டவர்களின் பிள்ளைகளும் உண்டு. இதற்காக அவர்களின் பெற்றோருக்கும் என் நன்றி. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பியதால்தானே அவர்கள் இதைக் கற்றார்கள்.

15. ஆகவே நான் கேட்பவை இரண்டு. திருமதி றம்லத் நளீர் அவர்கள் இந்த வகுப்பிலேயே தொடர்ந்து கற்பிக்க அனுமதிக்கவேண்டும். கோப்பையை அலுமாரியிலிருந்து எடுத்து, இருந்த ஆணியிலேயே, இருந்த பெயரோடு மாட்டவேண்டும். அதில் நான் குடிப்பதுதான் சிலருக்குச் சிரமம் என்றால், நான் குடிக்கவே வேண்டாம். என் பையில் என் கோப்பை இருக்கிறது. அது தொங்கினால் போதும்.

16. கடைசியாக ஒன்று. டீச்சர் போகப்போகிற செய்தி வகுப்பில் தெரிந்த அன்று என் மகள் வீட்டில் பள்ளிக்கூடம் வைக்கவில்லை. சாப்பிடும்போது என்னிடம், "அது எங்க அம்மான்னு நான் சொன்னதுனாலதானா டீச்சர அனுப்புறாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது என்பதும் அந்த டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம்தான். பெரிய ஐயாவிடம் எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் வந்ததும் புத்தகப்பையை இறக்காமலே, ஐயா பதில் எழுதினாரா என்று கேட்கிறாள். தங்கள் பதில் தமிழில், பெரிய எழுத்தில் இருந்தால் அவளே வாசித்துக்கொள்வாள்.

இடம்: கம்பளை
திகதி: 2025.07.14

அந்தப் பதிலுக்காக மகளோடு காத்திருக்கும்,

(ஒப்பம்) ரவிகுமார் சுகிர்தா
தரம் 2, ர. நிரோஷினியின் அம்மா